திரையில் அடிமை, ஏட்டில் அடிமை

பி. ஆர். பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' 1965ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைப் பாராத தமிழ்க் குடும்பம் அந்நாளைய பம்பாயில் அரிதாகவே இருந்திருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்ப் படங்களுக்குப் பேர்போன அரோரா திரையரங்கு நம் முந்தைய தலைமுறைக்கு ஊர்த் திருவிழாவின் இடத்தை நிரப்பிற்று என்பதைத் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2014இல் அப்படம் புதுப்பொலிவு பெற்று மீண்டும் திரைக்கு வந்தபோது, சென்னையில் நூறு நாட்களையும் கடந்து ஓடியது. எம்.ஜி.ஆரின் வாள்வீச்சைப் பற்றியும், ஜெயலலிதா அவருடன் நடித்த முதற்படம் அது என்பதைப் பற்றியும், விசுவநாதன் - இராமமூர்த்தி இணையின் இசையைப் பற்றியும் எழுதியோர் பலர். இக்கட்டுரையின் நோக்கம் வேறு. அப்படத்தின் உயிர்நிலை ஓர் அடிமைக் கிளர்ச்சி. அடிமைகள் கிளர்ந்தெழுந்த செய்தியைத் திரைப்படம் சொல்லும் விதத்தையும் பழைய ஏடுகள் சொல்லும் விதத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், அறத்தைப் பற்றிய ஒரு வினா தானே எழுகிறது. அதனைத் தொடர்ந்து சென்று பார்ப்போம்.

கதை யாவரும் அறிந்ததே. நெய்தல் நாட்டில் கொடுங்கோலாட்சி. காயமுற்ற புரட்சிக்காரர்களுக்கு மருத்துவம் செய்தான் என்பதற்காக மணிமாறன் என்னும் மருத்துவன் அரசத் துரோகி எனப்படுகிறான். தோழர்களுடன் கடல் கடந்து கன்னித் தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். அத்தீவின் தலைவன் செங்கப்பனாக நம்பியார். அடிமையாய் வந்த மருத்துவன்மீது உயர்குலத்துப் பூங்கொடிக்குக் காதல். முடிவில் அடிமைகள் கப்பலேறித் தப்புகின்றனர். கண்ணதாசன் எழுதிய விடுதலைப் பாட்டு அக்கப்பலின் தளத்தில்தான் ஒலிக்கிறது.

ஆங்கிலப் படங்களில் பழக்கமுள்ளோர்க்கு இங்கே 'கேப்டன் பிளட்' நினைவுக்கு வரும். எரால் பிளின் நடித்து 1935இல் வந்த அப்படம், ரபேல் சபாட்டினி 1922இல் எழுதிய நாவலைத் தழுவியது. அதிலும் மருத்துவனே நாயகன்; அதிலும் காயமுற்றோர்க்கு மருந்திட்டதே குற்றம்; அதிலும் தீவு, காதல், கப்பல். சபாட்டினியின் நாவலும் வெறுங்கற்பனையன்று. 1685ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனுக்கு எதிராக மான்மத் கோமகன் எழுப்பிய கலகம் தோற்றது. பிடிபட்டோரை நீதிபதி ஜெஃப்ரீஸ் விசாரித்த விசாரணைக்கு 'குருதி நீதிமன்றம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தூக்கிலிடப்பட்டோர் போக, எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டுப் பத்தாண்டு உழைப்புக்கென விற்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஹென்றி பிட்மன் என்னும் அறுவை மருத்துவர். தப்பி ஊர் மீண்டபின் 1689இல் தம் துன்பங்களைத் தாமே எழுதி இலண்டனில் வெளியிட்டார். நம் மணிமாறனின் பாட்டனார் இவரே எனலாம்.

பிட்மனின் ஏட்டை ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். அடிமைக் கிளர்ச்சி பற்றிய பழைய வரலாறுகள் ஏறத்தாழ யாவும் ஆண்டைகளின் வகுப்பைச் சேர்ந்தோர் எழுதியவை. விலை போனவனே எழுதுகோலை ஏந்திய ஏடு மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. அவர் கலகப் படையை வேடிக்கை பார்க்கச் சென்றவர். இரு தரப்பிலும் காயமுற்றோரைக் கண்டபின் விட்டுவர மனமின்றித் தங்கியவர். ஆயுதம் ஏந்தாதவர். அவரும் உடன்பிறந்தாரும் பார்படாஸ் தீவில் விற்கப்பட்டனர். உடன்பிறந்தார் அங்கேயே இறந்தார். உரிய மதிப்பின்றித் தம் தொழிலைச் செய்ய மறுத்த பிட்மனை ஆண்டை பிரம்பால் அடித்தான். தொழுமரத்தில் மாட்டிக் கொதிக்கும் வெயிலில் விட்டான். 1687 மே மாதத்தில் ஓர் இரவு, அவரும் வேறு எழுவரும் சிறு படகொன்றில் ஏறித் தப்பினர். தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால் ஆளில்லாத தீவொன்றை அடைந்தனர். அங்கே கடற்கொள்ளையர் சிலர் இருந்தனர். தம்முடன் சேர வற்புறுத்திய அவர்களுக்குப் பிட்மன் இணங்கவில்லை. அவர்கள் படகை எரித்துவிட்டனர். (திரையில் இரு நாயகர்களும் கடற்கொள்ளைக்காரர் ஆகின்றனர், உண்மை மனிதர் ஆகவில்லை. கொட்டகையில் கைதட்டல் வாங்க வாள் வேண்டியிருக்கிறது.) ஆமை முட்டையும் ஆமை இறைச்சியும் தின்று மூன்று மாதம் போலக் காலந்தள்ளினர்.

இதுவரை படித்து வரும் எவர்க்கும் அம்மனிதர்மீது மதிப்பு பெருகும். அதற்குப் பின் ஒரு சிறு செய்தி வருகிறது. கொள்ளையர் வசம் இந்தியன் ஒருவன் இருந்தான். இந்தியன் என்று அவர் எழுதுவது நம்மவரையன்று. அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவனை. அவனைப் பிட்மன் முப்பது ஸ்பானிய வெள்ளி நாணயம் கொடுத்து விலைக்கு வாங்கினார். மீன் பிடித்துத் தர உதவுவான் என்பது காரணம். இதனை அவர் மறைத்து எழுதவில்லை, வருந்தியும் எழுதவில்லை. உப்பு வாங்கியதைப் போல் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

விலை போனவர், தப்பி ஓடிய சில வாரங்களுக்குள் விலை கொடுத்தார்.

இதற்குச் சமாதானம் சொல்ல முடியாதென்பதில்லை. பசி பெரிது, தீவு வெறுந்தீவு. கொள்ளையர் கையிலிருப்பதைவிட நல்ல மனிதர் ஒருவர் கையில் இருப்பது அவனுக்கும் மேல் என்று வாதிக்கலாம். அக்கால வழக்கம் அது என்பார் உளர். மூன்றையும் ஏற்றாலும் அவ்வரி தொண்டையில் முள்ளாகவே நிற்கிறது. ஏனெனில் அவர் ஏடு முழுவதும் எழுப்பும் முறையீடு அடிமைத்தனம் கொடிது என்பதாக நமக்குக் கேட்டது. அவர் உண்மையில் சொன்னதோ, தம்மை அடிமையாக்கியது கொடிது என்பதுதான். அவர் விற்கப்பட்ட நாட்களில் பார்படாஸில் ஆப்பிரிக்க அடிமைகள் நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்தனர். பிட்மனுக்கு விதித்தது பத்தாண்டு. அவர்களுக்கு ஆயுள் முழுதும், அவர்கள் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அவர்கள் பொருட்டு அந்த ஏட்டில் முறையீடு எழவில்லை.

'நான் அடிமையல்லேன்' என்பது ஒரு வாக்கியம். 'எவரும் எவர்க்கும் அடிமையல்லர்' என்பது மற்றொரு வாக்கியம். கேட்பதற்கு முதலாவதன் இயல்பான விரிவே இரண்டாவது என்று தோன்றும். ஒன்றைச் சொன்னவன் மற்றதையும் சொல்லித்தானே தீர வேண்டும் என எண்ணுவோம். வரலாறு அப்படி நடக்கவில்லை. முதல் வாக்கியத்தைச் சொல்லத் தன்மானம் போதும். இரண்டாவதைச் சொல்ல, தனக்குக் கிடைக்கக்கூடிய மீனை இழக்க வேண்டும்.

கதையைக் கரீபியக் கடலோடு விட்டுவிட நமக்கு உரிமையில்லை. பிட்மன் தப்பிய அதே 1687ஆம் ஆண்டில், சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஒரே மாதத்தில் 665 அடிமைகள் கப்பலேற்றப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன்பே, 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, நாகப்பட்டினக் கரையில் டச்சுக்காரர் ஆயிரக்கணக்கான தமிழரை மலிவாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றனர். நெய்தல் நாட்டு மக்கள் தீவுக்கு விற்கப்பட்டது பந்துலுவின் கற்பனை என்று நினைத்திருந்தோம். அது நம் கரையில் நடந்தே இருக்கிறது. நடந்ததில் மணிமாறன் மட்டும் இல்லை. விலை போனோர் பெரும்பாலும் பஞ்சத்தில் அடிபட்ட உழைப்பாளிகள். தன் கதையைத் தானே எழுதி அச்சிட்ட பிட்மனைப்போல் ஒருவர் அவர்களிடையே நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை வணிகர் கணக்கும் தலைக்கு இத்தனை என்ற எண்ணுமே. படத்தைப் பார்த்துக் கண்கலங்கிய நாம் அந்த 665 பேரைப் பள்ளியிலும் படிக்கவில்லை, கொட்டகையிலும் பார்க்கவில்லை.

இனி, அடிமைக் கிளர்ச்சி என்றதும் உலகம் முழுவதும் முதலில் சொல்லும் பெயருக்கு வருவோம். 1960இல் கிர்க் டக்ளஸ் நடித்து, ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'ஸ்பார்ட்டகஸ்' படம் வந்தது. ஹோவர்ட் பாஸ்ட் 1951இல் வெளியிட்ட நாவல் அதற்கு மூலம். பிட்மன் சொல்லாத இரண்டாவது வாக்கியத்தை அப்படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: அடிமைத்தனம் என்பதே உலகில் ஒழிய வேண்டும் எனக் கனவு கண்டவன் ஸ்பார்ட்டகஸ் என்று பின்னணிக் குரல் அறிவிக்கிறது. அடிமைக்கு மகனாய்ப் பிறந்து சுரங்கத்துக்கு விற்கப்பட்டவனாக அவனைக் காட்டுகிறது. பழைய ஏடுகள் என்ன சொல்கின்றன?

கி.மு. 73இல் காப்புவா நகரத்து மற்போர்ப் பள்ளியிலிருந்து தப்பியவன் அவன். புளூட்டார்க் கணக்கில் தப்பியோர் 78 பேர். அப்பியன் கணக்கில் ஏறத்தாழ 70. சமையற்கட்டுக் கத்திகளும் இறைச்சி சுடும் கம்பிகளுமே அவர்களின் முதல் ஆயுதங்கள் என்கிறார் புளூட்டார்க். வெசூவியஸ் மலையுச்சியில் முற்றுகையிடப்பட்டபோது காட்டுக் கொடிகளைப் பின்னி ஏணியாக்கி மறுபுறம் இறங்கி உரோமரைப் பின்னிருந்து தாக்கினர். அவன் திரேசிய நாட்டான். அடிமைக்குப் பிறந்தவன் என்று ஏடுகள் சொல்லவில்லை. முன்பு உரோமப் படையிலேயே பணிசெய்து பின்னர்ச் சிறைப்பட்டு விற்கப்பட்டவன் என்பது அப்பியன் கூற்று. இரண்டாண்டு உரோமைக் கலக்கி, கி.மு. 71இல் போர்க்களத்தில் வீழ்ந்தான், உடல் கண்டெடுக்கப்படவில்லை. பிடிபட்ட ஆறாயிரம் பேர் காப்புவாவிலிருந்து உரோம் வரை நெடுஞ்சாலையோரம் சிலுவையில் அறையப்பட்டனர். படத்தில் அவனும் சிலுவையில் தொங்குகிறான்; தோழர் ஒவ்வொருவரும் எழுந்து தாமே ஸ்பார்ட்டகஸ் என அறிவித்துத் தலைவனைக் காக்க முயலும் புகழ்பெற்ற காட்சியும் உண்டு. இரண்டும் ஏட்டில் இல்லை. இவை சிறு வேறுபாடுகள். கதையின் பொருட்டு மன்னிக்கலாம்.

மன்னிக்கத் தயங்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. படத்தில், விடுதலை பெற்ற அடிமைகள் உரோமச் செல்வர் இருவரைப் பிடித்துத் தம் கண்முன் ஒருவரோடொருவர் மற்போர் புரியச் செய்து களிக்கின்றனர். ஸ்பார்ட்டகஸ் ஓடி வந்து தடுக்கிறான். உள்ளத்தை உருக்கும் காட்சி. ஏடுகளில் இருப்பதோ நேர்மாறு. தோழன் கிரிக்சஸ் இறந்தபோது உரோமச் சிறைக்கைதிகள் முந்நூறு பேரை அவன் ஆவிக்குப் பலியிட்டான் என்று அப்பியன் எழுதுகிறார். தன் படைத்தலைவர்களின் சிதையைச் சுற்றிச் சிறைக்கைதிகளை மற்போர் புரியச் செய்தான் என்று புளோரஸ் எழுதுகிறார். தனக்குச் செய்யப்பட்டதை அவன் பிறர்க்குச் செய்தான். ஏட்டிலுள்ள ஸ்பார்ட்டகஸ் சங்கிலியை அறுத்தவன்; சங்கிலியே உலகில் வேண்டா என்று சொன்னவனா என்பதற்கு ஏட்டில் சான்று இல்லை. அவன் விரும்பியது ஆல்ப்ஸ் மலையைக் கடந்து அவரவர் ஊருக்கு அவரவர் போவதை என்பது புளூட்டார்க் தரும் செய்தி.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், நியாயமான எதிர்வாதம். புளூட்டார்க்கும் அப்பியனும் அவன் இறந்து நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர்கள். அடிமைகள் பரிமாறிய உணவை உண்டுகொண்டே எழுதியவர்கள். அடிமையின் மனத்தில் இரண்டாம் வாக்கியம் இருந்திருந்தாலும் அவர்கள் காதில் அது விழுந்திராது. விழுந்தாலும் எழுதத் தோன்றியிராது. அந்த மௌனத்தைத் திரைப்படம் நிரப்பினால் என்ன? இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஏட்டை ஊன்றிப் படித்தால், அவ்வாண்டைகளே தம்மையறியாமல் விட்டுச் சென்ற ஒரு செய்தி இருக்கிறது. கைப்பற்றிய பொருளை ஸ்பார்ட்டகஸ் யாவர்க்கும் சமமாகப் பங்கிட்டான்; வணிகர் பொன்னும் வெள்ளியும் தன் பாசறைக்குள் கொண்டுவருவதைத் தடுத்தான்; இரும்பும் செம்பும் மட்டுமே வாங்கச் செய்தான். இதுவும் அப்பியன் எழுதியதே. முந்நூறு பேரைப் பலியிட்டவனும், சமமாகப் பங்கிட்டவனும் ஒருவனே. படத்திலோ கடற்கொள்ளையர்க்குக் கொடுக்கப் பெட்டி பெட்டியாய்ச் செல்வம் சேர்ப்பதைக் காண்கிறோம், சமபங்கைக் காணோம். கருணையைக் கற்பனையாகச் சேர்த்தவர்கள், உண்மையாக இருந்த நீதியை விட்டுவிட்டார்கள். என் கருத்தில் அப்படத்தின் பெரிய குறை இதுதான். சிலுவையில் தொங்கும் ஸ்பார்ட்டகஸுக்கு நாம் கண்ணீர் விடுகிறோம். பொன்னைத் தடுத்த ஸ்பார்ட்டகஸைக் காட்டியிருந்தால் நம் வீட்டுப் பீரோவைப் பற்றி யோசித்திருப்போம்.

'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தவர்களிடம் வரலாற்றைக் கேட்பதற்கில்லை. அவர்கள் அப்படி உரிமை கொண்டாடவும் இல்லை. எனினும் அக்கதையின் அமைப்பில் ஒன்றைக் கவனிக்கலாம். மணிமாறன் தனக்கு மட்டும் விடுதலை கேட்பவனல்லன். தோழர் அனைவரையும் சேர்த்தே பேசுகிறான். அந்த அளவில் பிட்மனைவிட ஒரு படி மேல். ஆனால் அத்தோழரும் அவனைப்போல் சுதந்திரமாய்ப் பிறந்து, அநியாயமாய்ப் பிடிபட்டவர்களே. நாம் கொதிப்பது, இப்படிப்பட்ட மனிதர்களுக்கா இந்தக் கதி என்று. இப்படிப்பட்டவர்களாக இல்லாவிடில்? எழுத்தறியாதவன், வாள் பிடிக்கத் தெரியாதவன், அடிமையின் மகனாய்ப் பிறந்து அடிமையின் தந்தையாய்ச் சாகும் ஒருவன் அந்த ஏலத்தில் நின்றிருந்தால் கொட்டகை கொதித்திருக்குமா?

இந்த வினா தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட வரலாற்றை நினையுங்கள். சுந்தரரின் மணப்பந்தலில் முதிய அந்தணர் வடிவில் வந்த இறைவன், இவன் எனக்கு வழிவழி அடிமை, இவன் பாட்டன் எழுதிய ஆளோலை என்னிடம் உண்டு என்கிறார். சுந்தரர் நகைக்கிறார், அந்தணர் ஒருவர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாதல் உண்டோ என்று கேட்கிறார், ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போய், மூல ஓலை காட்டப்பட்டு, முதியவர் வெல்கிறார். அதன் ஆன்மிகப் பொருள் ஆழமானது. அதில் நான் கை வைக்கவில்லை. உலகியல் வழக்காக மட்டும் நோக்கினால், சுந்தரரின் தடை ஆளோலை என்னும் ஆவணத்தின்மீது அன்று. தம் குலத்தவர்மீது அது செல்லாது என்பதே. முதல் வாக்கியம்! ஆளோலை அக்கால மக்களுக்குப் புராணச் செய்தியும் அன்று. 1201ஆம் ஆண்டில், கொடிய பஞ்சத்தில், திருப்பாம்புரத்து வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அடியேன் என்று கடிதத்தில் கையொப்பமிடும் நாம், அச்சொல் ஒரு காலத்தில் ஓலையும் விலையும் உடைய சொல்லாக இருந்ததை மறந்துவிட்டோம்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஓலை செல்லாதாயிற்று, தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாள் முறை நின்றுவிடவில்லை. சாட்டையடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்யும் சாணிப்பால் தண்டனையும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தன. தமிழ் மண்ணில் அடிமைக் கிளர்ச்சி என ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், 1940களில் அம்மக்கள் விவசாய சங்கமாகத் திரண்டதைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் பண்ணையில் பிறந்தவர்கள். அநியாயமாய்ப் பிடிபட்ட இளவரசனோ மருத்துவனோ அவர்களுள் இல்லை. 1944இல் மன்னார்குடியில் மிராசுதாரரோடு ஏற்பட்ட உடன்பாட்டில் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்டதன் தொடர்ச்சி அது. அந்நிகழ்ச்சியை அடியொற்றி இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவல், 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படமாயிற்று. அதனை எத்தனை வீடுகளில் பார்த்திருப்போம்? கன்னித் தீவின் வரைபடம் நம் எல்லார் மனத்திலும் இருக்கிறது, மன்னார்குடி இல்லை.

அத்தஞ்சை இயக்கத்தில் நம்போன்ற வெளியூர்வாசிகள் கருத்திற்கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. அதனை முன்னின்று கட்டியவர்களுள் ஒருவரான பி. சீனிவாசராவ் தஞ்சையில் பிறந்தவரல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமல்லர். தென்கன்னடத்தில் பிறந்து, அந்தணர் குலத்திலிருந்து வந்து, தமிழ் கற்று, சேரியில் தங்கி, அம்மக்களோடு உண்டவர். சாட்டை அவர் முதுகில் விழவேண்டிய சாட்டையன்று. 'நான் அடிமையல்லேன்' என்று சொல்ல வேண்டிய தேவையே அவர்க்கு இல்லை. நேரே இரண்டாம் வாக்கியத்திலிருந்து தொடங்கினார். பிட்மனின் ஏட்டைப் படித்து மனம் சோர்வடைவோர் இவரையும் நினைக்க வேண்டும்.

மும்பைத் தமிழராகிய நமக்கு முதல் வாக்கியம் நன்றாகத் தெரியும். தாராவியின் தோல் பதனிடும் கொட்டில்களில் வேலை செய்ய நெல்லைச் சீமையிலிருந்து வந்தோர், அலுவலகங்களில் தட்டெழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் மாதுங்காவுக்கு வந்தோர், பின்னர்ச் செம்பூரில் குடியேறியோர் என நாம் பல வகை. ஒருவர் வீட்டு வாசற்படியை மற்றவர் மிதியாத காலமும் நமக்குள் இருந்தது. முற்றிலும் போயிற்று என்று சொல்ல நான் துணியேன். 1960களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது மட்டும் நாம் அனைவரும் ஒன்றாக ஒரே குரலில் சொன்னோம்: நாங்கள் அந்நியரல்லோம், இந்நகரை நாங்களும் கட்டினோம். உண்மையான சொல், நெஞ்சுரத்தோடு சொன்ன சொல்.

2008ஆம் ஆண்டு அக்டோபரில், ரயில்வே தேர்வு எழுத மும்பைக்கு வந்த வடமாநில இளைஞர்கள் தாக்கப்பட்டனர். அவ்வாரம் எங்கள் அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் அதே பேச்சு. உடனிருந்தோரில் மூத்தவர் ஒருவர், நம்மவர், பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவர். கிளர்ச்சிக் காலத்தில் தம் பெயர்ப் பலகையைத் தாமே கழற்றி வைத்ததையும், வேட்டி கட்டாமல் இரண்டு மாதம் வெளியே போனதையும் எங்களுக்குப் பலமுறை கதையாகச் சொன்னவர். 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை அரோராவில் எட்டு முறை பார்த்தவர். செங்கப்பனுக்கு மணிமாறன் சொல்லும் விடைகள் அவர்க்கு மனப்பாடம். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "நல்ல வேளை, இந்த முறை நாம் இல்லை" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சிலர் தலையசைத்தனர்.

அவர் நல்ல மனிதர். இளையவர் எத்தனையோ பேருக்கு அறை பார்த்துக் கொடுத்தவர். இல்லாதவர்க்குக் கடன் கொடுத்துக் கேட்க மறந்தவர். அச்சொல் கொடுமையிலிருந்து வரவில்லை. ஒரு முறை அடிபட்டவன் அடுத்த அடி வேறெங்கோ விழும்போது விடும் மூச்சு அது. அதனாலேயே அது எனக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றியது. கொடியவன் இரண்டாம் வாக்கியத்தைச் சொல்லமாட்டான் என்பது புதிதன்று. அடிபட்டவனும் நல்லவனுமாகிய ஒருவன், அதே அடியைப் பிறர்மீது பார்த்தும் சொல்லாமல் இருக்க முடிகிறது என்பதே பிட்மனின் முப்பது வெள்ளி நமக்குக் காட்டுவது. இன்று நம் வீட்டுப் படியை உயர்த்திக் கட்டும் கொத்தனார் பீகாரிலிருந்து வருகிறார். நம் குடியிருப்பின் காவலர் உத்தரப் பிரதேசத்திலிருந்து வருகிறார். மின்தூக்கியில் யார் ஏறலாம், யார் படியில் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டங்களில் இப்போது நாம் தீர்மானிக்கும் பக்கத்தில் அமர்ந்திருக்கிறோம்.

படத்தைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்தன்று. இனியும் பலமுறை பார்க்கத் தகுந்த படம். பார்த்தபின் பிட்மன் வாங்கிய அந்த மனிதனைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லலாம். பிட்மன் அவன் பெயரைக் குறிக்கவில்லை. சிறு மீனாயினும் தொலைவிலிருந்தே வில்லால் எய்து வீழ்த்தும் அவன் திறமையை வியந்து எழுதியிருக்கிறார்.